கண்ணை மூடி வாங்கிய கோல்

ஆசிரியர் கூட்டத்தின் நடுவே கைத்தொலைபேசி அடித்தால் எழுந்து வெளியே போகக்கூடாது. இதை நான் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது மண்டபத்தில் எல்லோரும் வாய் திறவாமல் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடற்கல்வி மிஸ் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போகிறாராம். அவர் திரும்பி வரும்வரை கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் பொறுப்பாசிரியராம். நான் மனையியல் கற்பிப்பவள். பந்து உருண்டை என்பதைத் தவிர அதைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். நேராக அதிபரின் அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசையவில்லை.

"மிஸ், அவையள் வெல்லப்போறேல்லை. நீங்கள் கூடப்போய்ப் பிள்ளையளைப் பத்திரமாத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தால் காணும்" என்றார்.

இந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பொறுப்பெடுத்த எதைப்பற்றியும் அப்படி ஒருவர் சொன்னதில்லை. என்னுடைய பிள்ளைகள் சமைத்த பிலாக்காய்க் கறிக்கே மாகாண மட்டத்தில் முதலாமிடம் கிடைத்திருக்கிறது. சரி பார்ப்போம் என்று ஒரு குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே மைதானத்துக்குப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அதிபர் சொன்னது சரி என்று விளங்கியது.

எங்கள் கல்லூரி வலைப்பந்துக்குப் பெயர் போனது. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காலை நகர்த்தினால் பிழை. எங்கள் பிள்ளைகள் பால்குடி மறந்த நாள் தொட்டு இதைத்தான் விளையாடி வளர்ந்தவர்கள். அதில் உயரம் போதாது என்று கழிக்கப்பட்டவர்கள் சேர்ந்து அமைத்ததுதான் உதைபந்தாட்ட அணி. ஆகவே காலுக்குப் பந்து வந்ததும் அவர்கள் நிற்பார்கள். நின்று, யாருக்குக் கொடுக்கலாம் என்று வடிவாக யோசிப்பார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் எதிரணிக்காரி பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கே போய்விடுவாள். தப்பித்தவறி எங்கள் பிள்ளை ஒருத்தி யாரையாவது இடித்துவிட்டால் உடனே "சொறி" என்று மன்னிப்புக் கேட்பாள். அதுவும் சும்மா வாயால் இல்லை. நின்று, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்.

கோல் காப்பவள் புத்தூர்ப் பிள்ளை. தடித்த கண்ணாடி போடுகிறவள். விளையாடும்போது அதைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிடுவாள். கண்ணாடி இல்லாமல் உனக்கு என்ன தெரியும் பிள்ளை என்று கேட்டேன்.

"பந்து வாறது தெரியாது மிஸ். அதாலை எனக்குப் பயமில்லை. மற்றவையளுக்குத் தெரியிறபடியால்தான் ஓடுகினம்."

அணி தொடங்கி மூன்று வருடம். இதுவரை ஒரு ஆட்டம் வென்றதில்லை. அது போகட்டும், ஒரு கோல்கூட அடித்ததில்லை. மூன்று வருடமும் தொடர்ந்து விளையாடியவள் தலைவி ஒருத்தி மட்டும்தான். மயிலிட்டிப் பிள்ளை, எங்கள் விடுதியில் தங்கிப் படிப்பவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தம்பிமார் மூன்று பேரும் உதைபந்தாட்டக்காரர்கள். வீட்டுச் சுவர் முழுக்க அவர்களுடைய பதக்கங்கள்தான் தொங்குமாம். விடுமுறைக்கு இவள் போனால், "அக்கா, கோல் கம்பம் எந்தப் பக்கம் இருக்கெண்டாவது இந்த முறை கண்டுபிடிச்சியோ" என்று பகிடி பண்ணுவார்களாம். அவள் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"மிஸ், இந்தப் போட்டிப் பருவத்தோடை எனக்கு விளையாடுற வயது முடியுது. பேந்து விளையாட ஏலாது. ஒரேயொரு கோல். வெல்ல வேண்டாம். ஒரு கோல் அடிச்சுப்போட்டு வெளியிலை போறன்."

எனக்கு அந்த இடத்திலேயே விசர் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த நாள் வீட்டில் சோறு அடிப்பிடித்தது. அதற்கடுத்த நாளும் பிடித்தது. என் கணவர் கடையில் பாணும் சம்பலும் வாங்கிவரத் தொடங்கினார்.

அந்தப் பருவத்தில் ஒவ்வொரு அணியையும் இரண்டு தடவை சந்திக்க வேண்டும். ஒருமுறை எங்கள் மைதானத்தில், ஒருமுறை அவர்களுடையதில். முதல் ஆட்டத்தில் நான் கோட்டுக்கு வெளியே நின்று, "கையாலை பிடியடி, கையாலை பிடி" என்று கத்தினேன். எங்கள் பின்வரிசைக்காரி ஒருத்தி பொறுப்பாசிரியர் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளை. கையால் பிடித்தாள். எதிரணிக்குத் தண்டனை உதை கொடுத்தார்கள். பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து பழக்கிவிட்டுப் போகிற பயிற்றுநர் என் பக்கத்தில் வந்து, "மிஸ், நீங்கள் தோடம்பழத்தை மட்டும் பாருங்கோ" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது என் வேலை. இவ்வளவு வடிவாக வெட்டிய தோடம்பழம் வேறு எந்த அணிக்கும் கிடைத்திருக்காது என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். ஆனால் என்ன சிரிப்பு. வான் வண்டியில் திரும்பி வரும்போது வெற்றி பெற்றவர்கள்கூட இப்படிப் பாடியிருக்க மாட்டார்கள். ஒருநாள் மழை. தலைவி உதைத்த பந்து காப்பாளரைத் தாண்டிப் போனது. நான் குடையை எறிந்துவிட்டேன். பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வெள்ளத்தில் நின்றது. அப்படியே நின்றது. காப்பாளர் ஆறுதலாக நடந்து வந்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். தலைவி சேற்றில் முழங்காலில் நின்றபடி சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பருவத்தில் எல்லோரையும் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த கரையோரப் பள்ளிக்கூடம் எங்கள் மைதானத்துக்கு வந்தது. அவர்களுடைய கோல் காப்பாளர் அதுவரை ஒரு கோலும் விட்டிருக்கவில்லை. நெடுநெடுவென்று, யாரையும் பார்த்துச் சிரிக்காத பிள்ளை. காலையில் தொடங்க வேண்டிய ஆட்டம் அது. அவர்களுடைய வான் வழியில் பழுதாகி நின்றதால் வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் தொடங்கியது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. மிஷன் காலத்திலிருந்து வருவது. நண்பகல் மணி அடித்தால், யார் எங்கே நின்றாலும் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி மௌன ஜெபம் செய்ய வேண்டும். இரண்டாம் மணி அடிக்கும்வரை அசையக்கூடாது. சைவப் பிள்ளைகள் பிள்ளையாரையோ முருகனையோ நினைத்துக்கொள்வார்கள். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நிற்க வேண்டும். படியில் ஏறிக்கொண்டிருந்தால் படியிலேயே, வாயில் இடியப்பம் இருந்தால் மெல்லாமலே. விடுதி இருப்பதால் சனிக்கிழமையும் மணி அடிக்கும். முதலாம் வகுப்பில் பழகுவது இது. பிறகு மூளைக்குத் தெரியாமலே கால் நிற்கும்.

அன்றைக்கு ஆட்டத்தில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் புத்தூர்ப் பிள்ளைமேல் வந்து பட்ட பந்தெல்லாம் திரும்பிப் போனது. அவளுக்கே ஏன் என்று தெரியவில்லை. திடீரென்று எதிரணியின் பந்து ஒன்று தவறி எங்கள் தலைவியின் காலுக்கு வந்தது. அவள் நிற்கவில்லை. முதல்முறையாக எங்கள் அணியில் ஒருத்தி நிற்காமல் ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். காப்பாளர் முன்னால் ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். கோல் வாசல் வெறுமையாகத் திறந்து கிடந்தது. உதைக்கக் காலைத் தூக்கினாள்.

மணி அடித்தது.

தூக்கிய காலைக் கீழே வைத்தாள். தலையைக் குனிந்தாள். கண்ணை மூடினாள். மைதானத்தில் எங்கள் பதினொரு பேரும் நின்ற நின்ற இடத்தில் விரல்களைக் கோத்துக் கண்ணை மூடி நின்றார்கள். பார்க்க வந்த பிள்ளைகள் நின்றார்கள். நானும் கையில் பாதித் தோடம்பழத்துடன் நின்றேன். பந்து மட்டும் கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது.

கண் திறந்து பார்க்கிற சின்னப் பிள்ளைகளை நானே எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்தேன். எதிரணிப் பிள்ளைகள் பேயறைந்தவர்களாக மத்தியஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியூர்க்காரர். ஊதலை ஊதவில்லை, கையால் "விளையாடுங்கோ" என்று காட்டினார். அவர்களுடைய முன்வரிசைக்காரி பந்தை எடுத்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு நடுவால், கோயிலுக்குள் நடப்பவள் மாதிரி சத்தமில்லாமல் நடந்து போனாள். கத்து, கத்து என்று என் நெஞ்சு அடித்தது. ஜெப நேரத்தில் எப்படிக் கத்துவது. பக்கத்தில் அதிபர் நிற்கிறார். மெதுவாக அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் ஒரு கண் திறந்திருந்தது. இரண்டு பேரும் சட்டென்று மூடிக்கொண்டோம். கோல் விழுந்த சத்தம் கேட்டது. மிகவும் மெல்லிய சத்தம்.

இரண்டாம் மணி அடித்தது. தலைவி கண்ணைத் திறந்து தன் காலடியைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பந்து எங்கை?"

அது எங்கள் வலைக்குள் கிடந்தது.

அந்த ஒரு கோலால் தோற்றோம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர், ஆட்டத்தின் நடுவிலும் கல்லூரியின் ஒழுக்கத்தைக் கைவிடாத வீராங்கனைகள் என்று புகழ்ந்து பேசினார். கல்லூரியே கைதட்டியது. தலைவியைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் வேகாத கிழங்கு மாதிரி இருந்தது. பின்னேரம் என்னிடம் வந்து, "என்ரை கால்தான் மிஸ் நிண்டது. நான் நிக்கேல்லை" என்றாள். தம்பிமாருக்கும் செய்தி போய்விட்டது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் மூன்று பேரும் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, நாங்கள் ஜெபம் பண்ணுறம்" என்பார்களாம்.

மிச்ச ஆட்டங்களிலும் கோல் இல்லை. கடைசி ஆட்டம் அதே கரையோரப் பள்ளிக்கூடத்தோடு, அவர்களுடைய மைதானத்தில். மணலும் கடற்காற்றும். நான் வான் வண்டியிலிருந்து தோடம்பழப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்களுக்குக் கோல் அடித்த பிள்ளை தயங்கித் தயங்கி வந்தாள்.

"ரீச்சர், அண்டைக்கு நாங்கள் செய்தது எங்களுக்கே ஒரு மாதிரிக் கிடக்கு. வீட்டிலை அம்மா நல்ல ஏச்சு. கும்பிட்டுக்கொண்டு நிண்ட பிள்ளையளுக்கோ போய் கோல் அடிச்சனி எண்டு. அதாலை நாங்கள் கதைச்சனாங்கள். தொடங்கின உடனை நாங்கள் எல்லாரும் அசையாமல் நிப்பம். உங்கடை தலைவி அக்கா ஒரு கோல் அடிக்கட்டும். பேந்து விளையாடுவம்."

எனக்கு வந்த சந்தோசப் புளுகத்துக்கு அளவில்லை. "ஓம் பிள்ளை, ஓம், நல்ல பிள்ளையள்" என்று அவளுடைய கையில் தோடம்பழம் ஒன்றைத் திணித்தேன். அவளுக்குப் பின்னால் நின்ற நெடிய கோல் காப்பாளர் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். தோடம்பழம் நீட்டினேன். வேண்டாம் என்றாள். ஓடிப்போய்த் தலைவியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சப்பாத்து நாடாவைக் கட்டினாள். சந்தோசத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

மத்தியஸ்தர் ஊதினார். சொன்னபடியே அவர்கள் எல்லோரும் நின்றார்கள். காப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கம்பத்தில் சாய்ந்து, வேறு பக்கம் பார்த்தாள். எங்கள் தலைவி பந்தைத் தட்டிக்கொண்டு நடந்து போனாள். ஓடக்கூட இல்லை. வாசலுக்கு முன்னால் பந்தை நிறுத்தினாள். நான் தலைக்குமேல் கையைத் தூக்கி, கத்துவதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அவள் உள்ளங்காலால் பந்தை மெல்லத் தட்டி, கம்பத்துக்கு வெளியே விட்டாள்.

"எடி விசரி" என்று நான் கத்தியது கடலில் நின்ற வள்ளக்காரருக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு என்ன. தாங்கள் கொடுத்ததை ஒருத்தி வேண்டாம் என்று தள்ளினால் யாருக்கும் ரோசம் வரும்தானே. அவர்கள் வெளுத்துக் கட்டினார்கள். இடைவேளைக்குள் எத்தனை வாங்கினோம் என்று எண்ண எனக்கு மனமில்லை. தோடம்பழத்தைத் தலைவியின் கையில் கொடுக்காமல் பெட்டியில் எறிந்தேன்.

"கண்டறியாத ரோசம். மூண்டு வருசமாக் கேட்ட ஒண்டு, காலடியிலை கிடந்தது. எடுத்தால் என்னடி?"

"எடுத்துப்போட்டு வீட்டை போய் என்னெண்டு மிஸ் சொல்லுறது? நிண்டவையளுக்குள்ளாலை நடந்து போய் அடிச்சனான் எண்டோ? அது அவையள் எங்களுக்கு அடிச்ச மாதிரித்தானே. அதுவும் ஒரு கோலோ மிஸ்?"

என் கோபம் போகவில்லை. பெட்டிக்குள் கிடந்த தோடம்பழத்தை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டாம் பாதியும் அப்படியே போனது. புத்தூர்ப் பிள்ளையின் கண்ணாடி காற்றுக்கு மணலில் புதைந்து, அதைத் தேட ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. கடற்காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்குள் போட்டது. நெடிய காப்பாளர் எல்லோருக்கும் மேலே எழும்பிக் கையால் குத்தி வெளியே தள்ளினாள். அது எங்கள் தலைவிக்கு நேரே வந்தது. அவள் நிறுத்தவில்லை, யோசிக்கவில்லை, வந்தபடியே ஒரு உதை. காப்பாளர் பாய்ந்தாள். பந்து அவளுடைய விரல் நுனியில் பட்டது. பட்டும் உள்ளே போனது. வலை ஒருமுறை புடைத்தது.

ஒரு சத்தமும் இல்லை. கோல் அடித்தால் அடுத்ததாக என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பழகியதே இல்லை. எல்லோரும் மத்தியஸ்தரைப் பார்த்தார்கள். அவர் ஊதி, நடுக்கோட்டைக் காட்டினார். எங்கள் நல்ல பிள்ளை, அந்தப் பின்வரிசைக்காரி, விழுந்து கிடந்த காப்பாளரிடம் போய் "சொறி" என்றாள். அதன் பிறகுதான் வெடித்தது. புத்தூர்ப் பிள்ளை மற்றக் கோலடியிலிருந்து கண்ணாடியும் இல்லாமல் ஓடிவந்து மத்தியஸ்தரைக் கட்டிப்பிடித்தாள். நான் சேலையை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். மத்தியஸ்தர் என்னை வெளியே போகச் சொன்னார். போகவில்லை. மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். எனக்கு அது ஒரு பரிசு மாதிரித் தெரிந்தது. பயிற்றுநர் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் குந்தியிருந்து சிரித்தார்.

தலைவி மட்டும் சிரிக்கவில்லை. உதைத்த இடத்திலேயே நின்றாள். நான் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மிஸ், விட்டவையளோ?"

"என்ன?"

"பாவம் எண்டு விட்டுத் தந்தவையளோ? காலமை சொன்னவையள்தானே."

எனக்கு உடம்பிலிருந்த புளுகமெல்லாம் கால்வழியாக மணலுக்குள் இறங்கிப் போனது. விரலில் பட்டதை நான் கண்டேன். ஆனால் விரலை இழுத்திருந்தால்? எனக்கு என்ன தெரியும், தோடம்பழக்காரிக்கு. துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். எல்லோரும் கோல் வாசலைத் திரும்பிப் பார்த்தோம்.

நெடிய காப்பாளர் எழும்பவில்லை. விழுந்த இடத்திலேயே குந்தியிருந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். தன்னுடைய பின்வரிசைக்காரிகளைப் பார்த்து, "ஆரடி அவளை மறிச்சது? ஆரடி? ஒருத்தியும் மறிக்கேல்லை, கோதாரியள்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் இங்கே எழுத முடியாத வேறு சிலதும் சொன்னாள். பிறகு முகத்தை முழங்காலுக்குள் புதைத்து விக்கி விக்கி அழத் தொடங்கினாள். மூக்குச்சளியும் மணலும் முகமெல்லாம் அப்பிக்கிடந்தது. ஒரு கோலும் விடாதவள் என்று முழுப் பருவமும் பொத்தி வைத்திருந்த பெயரை இழந்தவளின் அழுகை அது. யாராலும் அப்படி நடிக்க முடியாது.

தலைவி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்லக் கிட்டப் போய், பக்கத்தில் குந்தி, அவளுடைய தோளில் கையை வைத்தாள். காப்பாளர் நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

"போடி அங்காலை" என்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள்.

எங்கள் தலைவி மல்லாந்து மணலில் விழுந்தாள். விழுந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் முழுக்கத் தண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு.

"மிஸ், மெய்யாத்தான் அழுகிறாள்" என்றாள்.